ஹெட்லைட் மங்கலா? பெரிய பல்பு வாங்கும் முன் இதைப் படிங்க!

"வண்டி நல்லா ஓடுது, மைலேஜும் குறையில்லை. ராத்திரியில லைட்டுதான் பத்தலை!" ஐந்தாறு வருடம் ஓடிய கார் வைத்திருப்பவர்கள் பலரும் சொல்லும் குறை இது. அடுத்து என்ன செய்வார்கள்? ஒன்று, ஆக்சஸரீஸ் கடைக்குப் போய் 'பவர்' கூடிய பல்பை மாட்டிக்கொள்வார்கள். இல்லையென்றால், எந்நேரமும் ஹை பீமிலேயே ஓட்டப் பழகிவிடுவார்கள். இரண்டிலும் அவதிப்படுவது எதிரே வருபவர்தான். கண் கூசிப்போன அவரும் மறுநாள் அதே மாதிரி கடையைத் தேடிப் போகிறார். இப்படித்தான் நம் சாலைகளில் வெளிச்சம் கூடிக்கொண்டே போகிறது, ஆனால் யாருக்கும் சாலை சரியாகத் தெரியவில்லை.

உண்மையில், மங்கலான ஹெட்லைட்டுக்குப் பெரும்பாலும் பல்பின் வாட்ஸ் குறைவு காரணமாக இருக்காது. காரோடு வந்த வெளிச்சம், வழியில் எங்கேயோ வீணாகிக்கொண்டிருக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் செலவும் குறைவு, எதிரே வருபவருக்கும் தொல்லையில்லை. வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகளிலிருந்து ஆரம்பிப்போம்.

முதல் வேலை... துடைப்பது!

சிரிக்காதீர்கள். மழைக்காலத்தில் ஒரு இரவு பயணம் போய் வந்தாலே ஹெட்லைட்டின் மேல் சேறும் பூச்சிகளும் அப்பிக்கொள்ளும். உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். தண்ணீர் விட்டு ஊறவைத்து, ஈரத்துணியால் துடையுங்கள்.

அடுத்து, முன் கண்ணாடியின் உள்பக்கம். வெளிப்பக்கத்தை வைப்பர் துடைத்துவிடும். உள்பக்கத்தை யாரும் கவனிப்பதில்லை. டாஷ்போர்டு பிளாஸ்டிக் வெயிலில் சூடாகி வெளிவிடும் ஆவியும், தூசியும், மூச்சுக்காற்றும் சேர்ந்து அங்கே மெல்லிய எண்ணெய்ப் படலமாகப் படிந்திருக்கும். பகலில் அது தெரியாது. இரவில் எதிர் வெளிச்சம் பட்டதும் கண்ணாடி முழுக்கப் புகை மூட்டம் போலப் பரவும். சுத்தமான துணியால் உள்பக்கத்தை ஒருமுறை துடைத்துவிட்டு இரவில் ஓட்டிப் பாருங்கள். பாதிக் குறை தீர்ந்தது போல இருக்கும்.

மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் அதையும் பாருங்கள். பழைய பவர், கீறல் விழுந்த லென்ஸ், ஆரம்பநிலைக் கண்புரை... இவை எல்லாமே 'லைட் பத்தலை' என்ற எண்ணத்தைத் தரும். அதே சாலை, அதே கார். மகனுக்கு நன்றாகத் தெரிகிறது, அப்பாவுக்குத் தெரியவில்லை என்றால், போக வேண்டியது கண் டாக்டரிடம்!

மஞ்சள் பூத்த கண்ணாடி

இப்போதைய கார்களின் ஹெட்லைட் முகப்பு கண்ணாடியே அல்ல, பாலிகார்பனேட் என்கிற பிளாஸ்டிக். அதன் மேல் வெயிலைத் தாங்கும் பூச்சு ஒன்று இருக்கும். வருடக்கணக்கில் வெயிலிலேயே நிற்கும் காரில் அந்தப் பூச்சு போய், பிளாஸ்டிக் மஞ்சளாகிவிடும். இதற்குள் எவ்வளவு நல்ல பல்பைப் போட்டாலும் வெளிச்சம் சிதறித்தான் வெளியே வரும். அதாவது, உங்களுக்குச் சாலை தெரியாது, எதிரே வருபவருக்குக் கூசும்.

டூத் பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்று சொல்வார்கள். ஆகும், ஆனால் நிலைக்காது. சரியான முறை, தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேய்ப்பது. 800, 1000, 2000, 3000 எனச் சொரசொரப்பு குறைந்துகொண்டே வரும் தாள்களால் படிப்படியாகத் தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் புற ஊதாக் கதிரைத் தாங்கும் பூச்சு அடிக்க வேண்டும். கார் டீட்டெய்லிங் கடைகளில் இதைச் செய்து தருகிறார்கள். அந்தக் கடைசிப் பூச்சு முக்கியம். அதை விட்டுவிட்டால் சில மாதங்களிலேயே மறுபடி மஞ்சளாகும்.

வெளியே பளிச்சென்று இருக்கிறது, உள்ளே இருக்கும் வெள்ளிப் பூச்சு மட்டும் கறுத்தோ உரிந்தோ போயிருக்கிறது என்றால், அதைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. ஹெட்லைட் செட்டையே மாற்ற வேண்டியதுதான்.

எப்போது மங்குகிறது?

ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போவதற்கு முன், லைட் எப்போது மங்குகிறது என்று கவனித்து வையுங்கள். அதிலேயே பாதி விடை இருக்கிறது.

*ஒரு பக்கம் மட்டும் மங்கல்:* பேட்டரி மேல் பழியில்லை. அந்தப் பக்கத்துப் பல்பு, அதன் ஹோல்டர் அல்லது எர்த் வயர்தான் காரணம். இரண்டு பக்கத்துப் பல்புகளையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். மங்கலும் கூடவே இடம் மாறினால் பல்பு கோளாறு. மாறாமல் அதே பக்கத்தில் நின்றால் ஹோல்டர், எர்த் கோளாறு. ஹோல்டர் கருகியிருக்கிறதா, பாடியில் எர்த் வயர் முடுக்கியிருக்கும் இடம் துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

*நிற்கும்போது மங்கல், ஆக்சிலேட்டர் கொடுத்தால் பளிச்:* சார்ஜ் சரியாக ஏறவில்லை. ஆல்டர்னேட்டர் பெல்ட் தளர்ந்திருக்கலாம், ஆல்டர்னேட்டரே பலவீனமாகியிருக்கலாம், பேட்டரிக்கு வயதாகியிருக்கலாம். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால், நல்ல பேட்டரி என்ஜின் ஓடாதபோது சுமார் 12.6 வோல்ட் காட்டும். என்ஜின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.5-லிருந்து 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும்.

*இரண்டும் எப்போதுமே மங்கல், ஆனால் பேட்டரி சரி:* வழியில் மின்சாரம் குறைகிறது. லைட்டைப் போட்டு, பல்பு ஹோல்டரில் எத்தனை வோல்ட் வருகிறது என்று அளந்து, பேட்டரியில் இருப்பதோடு ஒப்பிடச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வயரிங், சுவிட்ச், ரிலே, எர்த் என ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஹாலஜன் பல்புக்கு வோல்டேஜ் 10 சதவிகிதம் குறைந்தால் வெளிச்சமும் 10 சதவிகிதம்தான் குறையும் என்று நினைக்காதீர்கள். ஏறக்குறைய 30 சதவிகிதம் போய்விடும்!

*பிரேக் அழுத்தினால் பின் விளக்குகள் ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டு எரிகின்றன:* இது பெரும்பாலும் பின்பக்க எர்த் கோளாறு.

பேட்டரி டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால், அதுவும் மங்கலுக்குக் காரணம்தான். என்ஜினை அணைத்து, முதலில் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். வெந்நீரில் ஆப்ப சோடா கலந்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, காயவிட்டு மாட்டுங்கள். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் சீக்கிரம் உப்புப் பூக்காது.

பல்பை எப்போது மாற்றலாம்?

ஹாலஜன் பல்பு ஃபியூஸ் ஆவதற்கு ரொம்ப நாள் முன்பே மங்க ஆரம்பித்துவிடும். உள்ளே இருக்கும் டங்ஸ்டன் இழை தேய்ந்து மெலிவதுதான் காரணம். மாற்றினால் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். ஒரு ஜோடி சாதாரணப் பல்பு சில நூறு ரூபாய்தான். மாட்டும்போது பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். கையின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகமாகச் சூடேறி, பல்பின் ஆயுள் குறையும். பேப்பரில் பிடித்து மாட்டினால் போதும்.

நம் கார்களில் அதிகம் இருக்கும் எச்4 பல்புக்குள் இரண்டு இழைகள் உண்டு. ஒன்று லோ பீமுக்கு, இன்னொன்று ஹை பீமுக்கு. லோ பீம் இழை மட்டும் போய்விட்டால், 'ஹை பீம்தான் எரியுதே' என்று அதிலேயே வாரக்கணக்கில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஒரு பக்கப் பல்பே போன பிறகும் ஓட்டுபவர்கள் உண்டு. இருட்டில் ஒற்றை விளக்கோடு வரும் காரை எதிரே வருபவர் பைக் என்றுதான் நினைப்பார். அதுவும் வலது பக்க விளக்கு எரியாவிட்டால், காலியான சாலை என்று நம்பி அவர் ஏறிவரும் இடத்தில் உங்கள் கார் இருக்கும். அன்றைக்கே மாற்றிவிட வேண்டிய பல்பு இது.

'பவர்' பல்பு ஏன் வேண்டாம்?

எச்4 பல்பு ஹை பீமில் 60 வாட்ஸ், லோ பீமில் 55 வாட்ஸ். இதற்குப் பதில் 100/90 வாட்ஸ் போட்டால் வயரில் ஓடும் மின்சாரம் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுகிறது. வயரில் உண்டாகும் சூடோ இரண்டரை மடங்கைத் தாண்டுகிறது. ஹோல்டர் உருகுவதும், வெள்ளிப் பூச்சு கருகுவதும் இதனால்தான். வயரிங் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

ஹாலஜன் பல்புக்கான ஹெட்லைட்டில் எல்இடி பல்பு மாட்டுவதில் வேறு சிக்கல். இழை எந்த இடத்தில் ஒளிருமோ, அதைக் கணக்கிட்டுத்தான் உள்ளே இருக்கும் வெள்ளிக் குழிவு வளைக்கப்பட்டிருக்கிறது. எல்இடியில் ஒளி பிறக்கும் இடமும் வடிவமும் வேறு. அதனால் வெளிச்சம் சாலையில் விழாமல் மேலேயும் பக்கவாட்டிலும் சிதறும். காரின் முன்னால் பளீரென்று வெள்ளையாக இருப்பதால் நமக்குத் திருப்தியாக இருக்கும். தூரத்தில் நிற்கும் மாடு தெரியாது. எதிரே வருபவருக்கு எதுவுமே தெரியாது. கார் வெளிவரும்போதே எல்இடி ஹெட்லைட்டோடு வந்திருந்தால் இந்தப் பிரச்னை இல்லை, அதன் வடிவமைப்பே வேறு.

சட்டமும் இதைச் சொல்கிறது. எதிரே 8 மீட்டர் தூரத்தில், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணுக்குக் கூசாதபடி ஒளி கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கின்றன 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். அந்த உயரம், சாலையோரம் நிற்கும் ஒருவரின் கண் உயரம்தான். பழைய அம்பாஸடர் கார்களிலும் லாரிகளிலும் ஹெட்லைட்டில் கறுப்பு பெயின்ட் பூசியிருந்ததை மூத்தவர்கள் பார்த்திருப்பார்கள். போலீஸார் வண்டிகளை நிறுத்தி ஹெட்லைட் நடுவே கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியதும் நினைவிருக்கும். எல்லாம் இந்தக் கூச்சத்தைக் குறைக்கத்தான்.

டிக்கி நிறைய சாமானா? இந்தத் திருகைத் திருப்புங்க

லோ பீமில் ஓட்டியும் எதிரே வருபவர் லைட் அடித்துத் திட்டுகிறாரா? ஒளியின் உயரம் தவறாக இருக்கலாம். சமதளத்தில், சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்தி லோ பீம் போடுங்கள். சுவரில் வெளிச்சமும் இருட்டும் பிரியும் கோடு, ஹெட்லைட்டின் மையத்தைவிடச் சுமார் 5, 6 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். நாம் இடது பக்கம் ஓட்டுபவர்கள் என்பதால், கோடு இடது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மேலேறியிருந்தால் சரிதான். வலது பக்கம் மேலேறியிருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பல கார்களில் ஸ்டீயரிங் அருகே 0, 1, 2, 3 என்று எண் போட்ட சிறிய திருகு இருக்கும். கார் வாங்கி ஐந்து வருடம் ஆகியும் அதைத் தொடாதவர்கள் ஏராளம். பொங்கல், தீபாவளிக்குப் பின் சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறையப் பைகள் என்று ஊருக்குக் கிளம்பும்போது காரின் பின்பக்கம் தாழும், முன்பக்கம் நிமிரும். லோ பீமே ஹை பீம் போல எதிரே வருபவரின் முகத்தில் அடிக்கும். அப்போது இந்தத் திருகை 2 அல்லது 3-க்குத் திருப்பினால் ஒளி கீழே இறங்கும். நீங்கள் தனியாக ஓட்டும்போது 0. எந்தச் சுமைக்கு எந்த எண் என்பது காரோடு தந்த கையேட்டில் இருக்கும்.

மூன்று நொடிக் குருட்டுத்தனம்

இருட்டுக்குப் பழகிய கண் மீது ஹை பீம் அடித்தால், மறுபடி சாலை தெரியச் சில நொடிகள் ஆகும். வயது கூடக் கூட இந்த நேரமும் கூடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. மூன்று நொடி கண் தெரியாவிட்டால் 50 மீட்டர், அதாவது நான்கு பஸ்களின் நீளத்தை ஒருவர் பார்க்காமலேயே கடக்கிறார். அந்த நேரத்தில் அவர் வந்துகொண்டிருப்பது உங்களை நோக்கி. டிம் செய்வது அவருக்குச் செய்யும் உபகாரம் மட்டுமல்ல, உங்கள் காரில் தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தைக்கும் அதுதான் பாதுகாப்பு.

நான்கு வழிச் சாலையில் நடுவே வளர்த்திருக்கும் அரளிச் செடிகள் எதிர் வெளிச்சத்தை ஓரளவு மறைக்கின்றன. அங்கிருந்து இறங்கி ஊருக்குப் போகும் இருவழிச் சாலையில் அரளியும் இல்லை, தடுப்பும் இல்லை. நம் கைதான் அரளிச் செடி!

எப்போதெல்லாம் டிம்?

* எதிரே வெளிச்சம் தெரிந்த உடனே. அவர் முதலில் செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வளைவிலும் மேட்டிலும் வண்டி தெரிவதற்கு முன்பே அதன் வெளிச்சம் தெரியும், அப்போதே குறையுங்கள்.
* முன்னால் ஒரு வண்டியைத் தொடரும்போது. உங்கள் ஹை பீம் அவருடைய கண்ணாடியில் பட்டுக் கண்ணுக்குள் பாயும்.
* தெருவிளக்கு எரியும் ஊருக்குள் எப்போதும்.
* மழையிலும் பனிமூட்டத்திலும். ஹை பீம் நீர்த்துளிகளில் பட்டு நம் மீதே திரும்பும்.
* ரயில்வே கேட்டில் காத்திருக்கும்போது ஹெட்லைட்டை அணைத்து, பார்க்கிங் லைட் மட்டும் போடலாம். எதிர்ப்பக்கம் காத்திருக்கும் மொத்த வரிசைக்கும் அது நிம்மதி.

லாரி வந்தால் டிம் செய்கிறோம், பஸ் வந்தால் டிம் செய்கிறோம். சைக்கிளில் வருபவருக்கு? ஓரமாக நடந்துவரும் பாட்டிக்கு? பதிலுக்கு லைட் அடித்துக் கேட்க அவர்களிடம் எதுவும் இல்லை. கண் கூசியதும் காலடியில் பள்ளமா மேடா என்று தெரியாமல் நின்றுவிடுவார்கள், அல்லது சாலைக்குள் தடுமாறுவார்கள். முதலில் டிம் செய்ய வேண்டியது அவர்களுக்குத்தான்.

டிம் செய்ததும் வேகத்தையும் குறைக்க மறக்காதீர்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில், பார்த்து, பிரேக் போட்டு, முழுதாக நிற்கச் சுமார் 70 மீட்டர் வேண்டும். பல ஹாலஜன் கார்களின் லோ பீம் தெளிவாகக் காட்டுவதோ 50 மீட்டர் சுமார்தான். விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் கரும்பு டிராக்டர், அந்த மீதி 20 மீட்டருக்குள் இருக்கலாம்.

அவர் டிம் செய்யவில்லை என்றால்?

ஒருமுறை மட்டும் லைட்டை அடித்துக் காட்டுங்கள். கேட்கவில்லையா? விட்டுவிடுங்கள். கோபத்தில் நீங்களும் ஹை பீம் போட்டால், கண் தெரியாத ஒரு டிரைவருக்குப் பதில் இரண்டு பேர் ஆவீர்கள். வேகத்தைக் குறைத்து, எதிர் வெளிச்சத்தைப் பார்க்காமல், சாலையின் இடது ஓர வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள். பின்னால் வருபவரின் வெளிச்சம் கூசினால், நடுக்கண்ணாடியின் அடியில் இருக்கும் சிறு கொக்கியை இழுங்கள். பல கார்களில் அது இரவுக்கென்றே வைத்திருப்பது. கண்ணாடியின் கோணம் மாறி வெளிச்சம் மங்கிவிடும்.

இன்னும் இரண்டு விஷயங்கள். ஹெட்லைட்டை அடித்துக் காட்டுவதற்கு நம் ஊரில் 'நான் வர்றேன், நில்லு' என்று பொருள். சில வெளிநாடுகளில் 'நீங்க போங்க' என்று பொருள். அதனால் எதிரே லைட் அடித்தார் என்பதை மட்டும் நம்பித் திரும்பாதீர்கள், வண்டி வேகம் குறைகிறதா என்று பாருங்கள். அடுத்து, நான்கு இண்டிகேட்டரையும் ஒன்றாகப் போடும் ஹசார்ட் லைட். சந்திப்பில் நேராகப் போகிறேன் என்று காட்டவோ, மழையில் ஓட்டவோ அது இல்லை. வண்டி பழுதாகி நிற்கும்போதும் அவசரத்துக்கும்தான். ஓடும்போது அதைப் போட்டுவிட்டால், நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது.

கிளம்பும் முன் ஐந்து நிமிடம்

இரவுப் பயணத்துக்கு முந்தின நாள், வீட்டில் இன்னொருவரைக் கூப்பிட்டு, காரைச் சுற்றி வரச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும். லோ பீம், ஹை பீம், நான்கு இண்டிகேட்டர்கள், பின் விளக்கு, பிரேக் லைட், ரிவர்ஸ் லைட் என ஒவ்வொன்றாக நீங்கள் போட, அவர்கள் 'எரியுது' சொல்லட்டும். தனியாக இருந்தால் சுவரை ஒட்டி நிறுத்தி, அதில் விழும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம். பிறகு விளக்குகளையும் கண்ணாடியின் உள்பக்கத்தையும் ஈரத்துணியால் துடைத்து, சாமான் ஏற்றி, எல்லோரும் உட்கார்ந்த பின் அந்தத் திருகை ஒருமுறை திருப்பிவிட்டுக் கிளம்புங்கள்.